கஞ்சாப் புகை உள்ளே போனால் என்ன நடக்கிறது?

"டிரெஸர் ஐயா, அது என்ன சம்சுவா? வெறும் இலைதானே, மூலிகைதானே?" இப்படிக் கேட்கும் வாலிபப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். அரளியும் இலைதான். ஊமத்தையும் இலைதான். இலை என்பதால் மட்டும் ஒன்று நல்லதாகிவிடாது, தம்பி.

பெற்றவர்கள் பக்கம் வேறு மாதிரி. ஒரு தடவை இழுத்தாலே பைத்தியம் பிடிக்கும், இரத்த வாந்தி எடுத்துச் சாவான் என்று பிள்ளையைப் பயமுறுத்தி வைக்கிறார்கள். பிள்ளை தன் கூட்டாளி இழுப்பதைப் பார்க்கிறான். கூட்டாளி சாகவில்லை, மறுநாள் காலையில் பெரட்டுக்கு வந்து நிற்கிறான். "அப்பா பொய் சொல்லிவிட்டார்" என்று நினைக்கிறான். அதன்பின் அப்பா சொல்லும் உண்மையும் அவன் காதில் ஏறுவதில்லை. ஆகவே கூட்டியும் குறைத்தும் சொல்லாமல், இந்தச் செடி உடம்புக்குள் போய் என்ன வேலை செய்கிறது என்பதை உள்ளபடி எழுதுகிறேன். தாய்மார்களும் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாத பாட்டிமார்களுக்கு யாராவது படித்துக் காட்டுங்கள்.

கஞ்சாச் செடியின் பெண் பூவில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிசினில்தான் போதை இருக்கிறது. அந்தப் போதைச் சத்துக்கு டி.எச்.சி. என்று பெயர். 1964-ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டில் ரஃபேல் மெக்கூலம், யெச்சியேல் காவ்னி என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். ஆனால் இது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்பது அடுத்த இருபத்து நான்கு வருஷம் யாருக்கும் புரியவில்லை. 1988-இல் அமெரிக்காவில், மூளை நரம்புகளின் மேல் இதற்கென்றே ஒரு பூட்டு இருப்பதைக் கண்டார்கள். டி.எச்.சி. அதற்குள் நுழையும் சாவி.

அப்படியானால், கஞ்சாவுக்காகவா கடவுள் நம் மூளையில் பூட்டு வைத்தார்? அப்படி இல்லை. நம் உடம்பே ஒரு சொந்தச் சாவியைச் செய்துகொள்கிறது. 1992-இல் அதைக் கண்டுபிடித்தவர்கள் அதற்கு வைத்த பெயரைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனந்தமைட் என்பது அதன் பெயர். நம் ‘ஆனந்தம்’ என்ற சொல்லிலிருந்தே எடுத்து வைத்தார்கள்.

இந்த ஆனந்தமைட் என்ன வேலை செய்கிறது? பால் நிறுக்கும் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டுக்காட்டிலிருந்து பால் வந்துகொண்டே இருக்கிறது. வாளிகள் அதிகமாகக் குவிந்துவிட்டால் நிறுக்கிற கிராணி கையைக் காட்டி, "கொஞ்சம் பொறு, இப்போது அனுப்பாதே" என்பார். நெரிசல் குறைந்ததும் கையை இறக்கிவிடுவார். மூளையிலும் ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் செய்தி அனுப்புகிறது. செய்தி அதிகமானால், வாங்குகிற நரம்பு கொஞ்சம் ஆனந்தமைட்டை விட்டு, "பொறு" என்று அனுப்புகிற நரம்புக்குச் சொல்கிறது. சொன்ன வேலை முடிந்ததும் அது சீக்கிரமே கரைந்து போகும். தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட அளவு, கொஞ்ச நேரம், அவ்வளவுதான்.

கஞ்சா இழுத்தவன் மூளையில் நடப்பது வேறு. கிராணி இல்லாத நேரத்தில் யாரோ ஒருவன் கொட்டகைக்குள் புகுந்து, எல்லா வாசலிலும் ஒரே நேரத்தில் கையைக் காட்டிக்கொண்டு மணிக்கணக்காக நிற்பதைப் போன்றது அது. எந்தச் செய்தி போக வேண்டும், எது நிற்க வேண்டும் என்ற கணக்கு குழம்பிவிடுகிறது.

இந்தப் பூட்டுகள் மூளையில் எங்கெங்கே அதிகம் என்று பார்த்தாலே, இழுத்தவனின் நடத்தை முழுவதும் விளங்கிவிடும். புதிய விஷயத்தை ஞாபகத்தில் பதிக்கிற பகுதியில் அவை அதிகம். அதனால்தான் ஒரு பேச்சைத் தொடங்கிவிட்டு, "நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்?" என்று கேட்பான். பின்மண்டைக்குள் இருக்கும் சிறுமூளையில் அதிகம். உடம்பின் நிதானமும் கைகால் ஒத்துழைப்பும் அதன் பொறுப்பு, ஆகவே கால் தடுமாறுகிறது. பசியைக் கிளறுகிற இடத்தில் இருக்கின்றன. சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகாதவன் மறுபடியும் ரொட்டி சானாய் தேடி ஓடுவது அதனால்தான். நேரத்தைக் கணக்கிடுகிற இடத்திலும் இருக்கின்றன. ஐந்து நிமிஷம் அரை மணி போலத் தோன்றும். சந்தோஷத்தைத் தருகிற இடத்தில் இருப்பதால் ஒன்றுமில்லாததற்கும் சிரிப்பு வரும். பயத்தைக் கட்டுப்படுத்துகிற இடத்திலும் இருப்பதால், அதே ஆளுக்கு இன்னொரு நாள் சிரிப்புக்குப் பதிலாக உடம்பெல்லாம் வியர்த்து, "செத்துப்போகப் போகிறேன்" என்ற பீதி வரும்.

மூச்சை நடத்துகிற மூளைத்தண்டில் மட்டும் இந்தப் பூட்டுகள் மிகக் குறைவு. அதனால் ஹெராயின் அதிகமாக ஏற்றிக்கொண்டவனுக்கு மூச்சு நின்று போவதைப் போல, கஞ்சா இழுத்தவனுக்கு நிற்பதில்லை. இது உண்மை. மறைக்கத் தேவையில்லை. ஆனால் உயிரை உடனே எடுக்கவில்லை என்பதை வைத்து அதற்கு நற்சாட்சி எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது.

உடம்புக்கு வருவோம். இழுத்த சில நிமிஷத்தில் நாடி வேகமாகிறது, நிமிஷத்துக்கு இருபதிலிருந்து ஐம்பது துடிப்பு வரை கூடும். கண் இரத்தக் குழாய்கள் விரிந்து கண் சிவக்கிறது. வாய் உலர்கிறது. உட்கார்ந்திருந்தவன் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், சிலர் விழுந்தும் விடுவார்கள். வயதான ஆட்களுக்கு, குறிப்பாக ஏற்கெனவே நெஞ்சு வலியோ இனிப்பு நீரோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்களுக்கு, இந்த நாடி வேகம் விளையாட்டல்ல. அமெரிக்காவில் மாரடைப்பு வந்தவர்களை விசாரித்து 2001-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கஞ்சா இழுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சாதாரண நேரத்தைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று கண்டார்கள்.

நுரையீரலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புகை என்றால் புகைதான், தாரும் கரியும் அதிலும் உண்டு. போதாததற்கு நம் ஆட்கள் புகையிலையோடு கலந்து, ஆழமாக இழுத்து, நெஞ்சுக்குள் பிடித்து வைக்கிறார்கள். காலை இருமலும் சளியும் அதன் கூலி.

இப்போது நம் வேலைக் காட்டுக்கு வாருங்கள். செம்பனைக் குலை ஒன்று இருபது கிலோவுக்கு மேலும் இருக்கும். நீண்ட கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, தலையை அண்ணாந்து, குலை விழுகிற நேரத்தில் ஒதுங்க வேண்டும். ஒதுங்குவதற்குக் கண் பார்த்து, மூளை சொல்லி, கால் நகர வேண்டும். கஞ்சா தாமதப்படுத்துவது இந்தச் சங்கிலியைத்தான். அரை விநாடி தாமதமானால் என்ன ஆகும் என்று குலை வெட்டுகிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. டிராக்டர் ஓட்டுகிறவர், ஆலையில் இயந்திரத்துப் பக்கம் நிற்பவர், இருட்டில் மோட்டாரில் சடக்கைக் கடக்கிறவர் எல்லோருக்கும் இதே கதைதான். கஞ்சாவோடு பீரும் சேர்ந்தால் இரண்டின் கேடும் ஒன்றை ஒன்று தூக்கிவிடும். இழுத்தவனுக்குத் தன் கை நன்றாகத்தான் இருப்பதாகத் தோன்றும். ஆபத்தில் பாதி அந்த எண்ணத்தில் இருக்கிறது.

எவ்வளவு நேரம் இருக்கும்? புகைத்தால் சில நிமிஷத்தில் ஏறி, இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கத் தொடங்கும். தின்றால் வேறு கணக்கு. கேக்கிலோ மிட்டாயிலோ கலந்து சாப்பிட்டால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. "சரக்கு சரியில்லை" என்று இன்னொரு துண்டு தின்பான். பிறகு இரண்டும் சேர்ந்து ஏறி, ஆறு எட்டு மணி நேரம் ஆளைப் புரட்டி எடுக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இது பெரிய ஆபத்து. மிட்டாய் என்று நினைத்துத் தின்ற குழந்தை எழுப்பினாலும் எழாமல் கிடக்கும். அந்த நேரத்தில் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், என்ன தின்றது என்பதை டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள்.

போதை இறங்கினாலும் சத்து உடம்பை விட்டுப் போவதில்லை. சாராயம் தண்ணீரில் கரையும், ஒரு நாளில் பெரும்பாலும் வெளியேறிவிடும். டி.எச்.சி. கொழுப்பில் கரையும். கொழுப்பில் போய்ப் படுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். எப்போதாவது இழுத்தவனுக்குச் சில நாட்களும், தினமும் இழுப்பவனுக்கு மூன்று நான்கு வாரமும், சில பேருக்கு அதற்கு மேலும் சிறுநீரில் தெரியும். எலுமிச்சைச் சாறு, வினிகர், பாலைப் பாலாகக் குடிப்பது என்று ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். கொழுப்பில் இருப்பதைக் கழுவ இவை எதனாலும் ஆகாது.

அந்தக் காலத்துப் பெரியவர்கள் சிலர், "எங்கள் தாத்தா கோயில் திருவிழாவில் இழுத்தார், எண்பது வயது வரை இருந்தார்" என்பார்கள். இருந்திருக்கலாம். ஆனால் தாத்தா இழுத்த சரக்கும் பேரன் இழுக்கிற சரக்கும் ஒன்றல்ல. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவைச் சோதித்துப் பார்த்ததில், 1995-இல் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் இருந்த டி.எச்.சி. 2020-க்குப் பிறகு பதினைந்து பங்கு அளவுக்கு ஏறியிருக்கிறது. தண்ணீர் கலந்த கள்ளுக்கும் சம்சுவுக்கும் உள்ள வித்தியாசம் அது. இதைவிட மோசமானது வேப் தண்ணீரில் கலந்து விற்கிற செயற்கைச் சரக்கு. அது செடியில் விளைந்ததே அல்ல, இரசாயனக் கூடத்தில் செய்தது. அதே பூட்டில் பல மடங்கு பலமாக நுழைகிறது. வலிப்பு, மயக்கம், வெறி, சில சமயம் மரணம்கூட வரும். பழ வாசனை வருகிறதே என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் உறிஞ்சுகிறார்கள். பெற்றோர்களுக்கு வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடிவதில்லை.

பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்கலாம். மனிதனின் மூளை இருபத்தைந்து வயது அளவில்தான் முழுதாக முதிர்கிறது. கடைசியாக முதிர்வது நெற்றிப் பக்கத்து மூளை. யோசித்து முடிவெடுப்பது, கோபத்தை அடக்குவது, நாளைக்கு வேண்டியதை இன்றே நினைப்பது எல்லாம் அதன் வேலை. நரம்புக்கு நரம்பு இணைப்பு போட்டுக்கொண்டிருக்கும் அந்த வயதில், மேலே சொன்ன ‘பொறு’ சமிக்ஞையை வைத்தே மூளை தன்னைச் சீர்படுத்திக்கொள்கிறது. கன்றை வெட்டினால் மரத்துக்கு என்ன ஆகும்? பட்டை முதிராத ரப்பர் மரத்தில் கத்தி வைத்தால் தண்டல் நம்மைத் திட்டுவது ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். பதினான்கு பதினைந்து வயதில் தினமும் இழுக்கத் தொடங்கியவர்களுக்குப் படிப்பில் கவனமும் ஞாபகமும் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அறிவுத்திறன் நிரந்தரமாகக் குறைகிறதா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வாதம் உண்டு. ஆனால் நான்காம் ஐந்தாம் படிவத்தில் இரண்டு வருஷம் மந்தமாகக் கழிந்தால் எஸ்.பி.எம். சான்றிதழ் போய்விடும். அதற்கு விஞ்ஞானியின் தீர்ப்பு தேவையில்லை.

இனி, எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயம். கஞ்சா இழுக்கிறவர்களில் பெரும்பாலோருக்குப் புத்தி பேதலிப்பதில்லை. ஆனால் ஒரு சிலருக்குப் பேதலிக்கிறது. அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே நெற்றியில் எழுதியிருப்பதில்லை. சுவீடன் நாட்டில் இராணுவப் பயிற்சிக்கு வந்த சுமார் 45,000 வாலிபர்களைப் பதினைந்து வருஷம் கவனித்து 1987-இல் முடிவை வெளியிட்டார்கள். பதினெட்டு வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா இழுத்திருந்தவர்களுக்கு, இழுக்காதவர்களைவிட மனச்சிதைவு நோய் ஆறு மடங்கு வந்திருந்தது. குடும்பச் சூழ்நிலை போன்ற மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தபோதும் இரண்டு மடங்குக்கு மேல் நின்றது. அதற்குப் பிறகு வேறு நாடுகளில் செய்த ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டின. குடும்பத்தில் சித்தப்பா, அத்தை, அண்ணன் யாருக்காவது இந்த நோய் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை கஞ்சாப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது.

ஒரு பையன். பத்தொன்பது வயது, நல்ல வேலைக்காரன், தாய்க்கு ஒரே மகன். இரண்டு வருஷமாகத் தினமும் இழுத்துக்கொண்டிருந்தான். முதலில் கூட்டாளிகளை விட்டு விலகினான். பிறகு அறையைச் சாத்திக்கொண்டான். ரேடியோவில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றான். அம்மா வைத்த சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளினான். வீட்டார் செய்வினை என்று முடிவு கட்டினார்கள். ஒரு கோயில், அடுத்த கோயில், தாயத்து, சேவல், எலுமிச்சம்பழம். ஏழு மாதம், இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் போனது. கடைசியில் ஓர் இரவு பக்கத்து வீட்டுக்காரரைக் கத்தியோடு துரத்திய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தான். இப்போது மாதம் ஒரு ஊசி போட்டுக்கொண்டு நாற்று மேட்டில் வேலை செய்கிறான். அம்மா கையால் சாப்பிடுகிறான். ஆனால் அந்த ஏழு மாதம் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டதை முழுதாகத் திருப்பிக் கொடுக்க என்னிடமும் மருந்து இல்லை, பெரிய டாக்டரிடமும் இல்லை. இந்த நோயில் சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. சாமி கும்பிடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு அதே வாரத்தில் கிளினிக்குக்கும் வாருங்கள்.

"தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்களே" என்று அழுகிற தாய்மார்கள் உண்டு. 1911-இல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரியின் பெயரை நாம் வசைச்சொல்லாகவே ஆக்கிவிட்டோம். இப்போது பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் எல்லாம் மனநோய்ப் பிரிவு இருக்கிறது. பெரும்பாலோர் சில வாரம் படுத்திருந்து, மருந்தோடு வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.

கஞ்சாவுக்கு அடிமையாவதில்லை என்று சொல்வதும் தப்பு. இழுத்துப் பார்ப்பவர்களில் சுமார் பத்துக்கு ஒருவர் அதை விட முடியாதவராகிறார். இளவயதில் தொடங்கினால் ஆறுக்கு ஒருவர். திடீரென்று நிறுத்தினால் முதல் ஓரிரு நாளிலேயே எரிச்சல், தூக்கமின்மை, வியர்வை, பசியின்மை, கெட்ட கனவு எல்லாம் வரும். முதல் வாரம் கடுமை, இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும், தூக்கம் மட்டும் சிலருக்கு இன்னும் சில வாரம் சரிப்படாது. வீட்டிலுள்ளவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். "விட்டுவிட்டேன் என்றாயே, ஏன் எரிந்து விழுகிறாய்?" என்று அந்த நேரத்தில் சண்டை பிடித்தால் அவன் மறுபடியும் ஒத்தக்கடைப் பக்கம்தான் போவான்.

இன்னொரு வினோதமான நோயும் உண்டு. 2004-இல் ஆஸ்திரேலிய டாக்டர்கள் முதன்முதலில் எழுதினார்கள். வருஷக்கணக்காகத் தினமும் இழுத்தவர்களுக்கு விட்டுவிட்டு அடங்காத வாந்தியும் வயிற்று வலியும் வரும். சுடுதண்ணீரில் குளித்தால் மட்டும் அடங்கும். நாளைக்கு ஐந்து ஆறு தடவை சுடுதண்ணீரில் நின்றுகொண்டிருக்கிற பையனைப் பார்த்தால், வயிற்றுப் புண் என்று மாத்திரை வாங்கிக் கொடுப்பதற்கு முன் இதையும் நினைத்துப் பாருங்கள். இழுப்பதை நிறுத்துவதுதான் அதற்கு மருந்து.

கர்ப்பிணிகளுக்கு வாந்தி நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தொப்புள்கொடி வழியாகச் சத்து சிசுவுக்குப் போகிறது, குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். தாய்ப்பாலிலும் இறங்குகிறது.

"வெளிநாட்டில் மருந்தாகவே கொடுக்கிறார்களே" என்பது அடுத்த வாதம். கொடுக்கிறார்கள். கஞ்சாவிலிருந்து எடுத்த, போதை தராத ஒரு சத்தைச் சில அபூர்வ வலிப்பு நோய்களுக்கு 2018-இல் அமெரிக்கா அனுமதித்தது. அளந்து, சுத்தப்படுத்தி, டாக்டர் கொடுப்பது அது. அபினிலிருந்து மார்ஃபின் செய்கிறார்கள் என்பதற்காக அபினைத் தின்னலாமா?

கெடா, பெர்லிஸ் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் தாய்லாந்தைக் காட்டுகிறார்கள். அங்கே 2022 ஜூனில் தடையை நீக்கினார்கள். 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு இல்லாமல் பூவை விற்கக் கூடாது என்று மறுபடியும் கட்டுப்படுத்தினார்கள். எதுவாக இருந்தாலும் அது அந்த நாட்டுச் சட்டம். நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம் நடக்கிறது. 200 கிராமும் அதற்கு மேலும் வைத்திருந்தால் விற்பவன் என்றே சட்டம் கருதும். 1983-லிருந்து அதற்குக் கட்டாயத் தூக்கு இருந்தது. 2023 ஜூலைக்குப் பிறகு கட்டாயம் போயிருக்கிறது. தூக்கா, அல்லது ஆயுள் சிறையும் பன்னிரண்டுக்குக் குறையாத பிரம்படியுமா என்பது இப்போது நீதிபதியின் கையில். உபயோகித்த குற்றத்துக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டு வருஷம் வரை சிறை, அதன்பின் கண்காணிப்பும் உண்டு. "இந்தப் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடு, ஐம்பது வெள்ளி தருகிறேன்" என்று கேட்டவனுக்கு உதவி செய்யப் போய்ச் சிக்கியவர்கள் நம் பிள்ளைகள்தான். சரக்குக்குச் சொந்தக்காரன் சிக்குவது குறைவு.

பிள்ளை இழுக்கிறான் என்று தெரிந்தால் முதல் வேலையாக பெல்ட்டைத் தேடாதீர்கள். அடிபட்டவன் இழுப்பதை நிறுத்துவதில்லை, வீட்டுக்கு வருவதை நிறுத்துகிறான். போதை இறங்கியிருக்கும் நேரம் பார்த்து, தனியாக உட்கார வைத்து, எப்போதிலிருந்து, எத்தனை நாளுக்கு ஒரு தடவை, வேறு என்ன சேர்க்கிறான் என்று கேளுங்கள். வெறுமனே கூட்டாளிகளோடு இழுக்கிறானா, தூக்கம் வராமல் இழுக்கிறானா, மனத்தில் ஏதோ பாரம் வைத்து இழுக்கிறானா என்பது தெரிந்தால்தான் அடுத்த வழி தெரியும். பீதி பிடித்து நடுங்குகிறவனை வெளிச்சம் குறைந்த, சத்தமில்லாத இடத்தில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "சில மணி நேரத்தில் இறங்கிவிடும்" என்று தெரிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாலே போதும். நெஞ்சு வலி, வலிப்பு, எழுப்ப முடியாத மயக்கம், தன்னையோ பிறரையோ வெட்டப் பாய்வது, இவற்றில் ஒன்று இருந்தால் காத்திருக்காமல் 999-ஐக் கூப்பிடுங்கள்.

அவசரமில்லாதவர்கள் தோட்ட ஆஸ்பத்திரிக்கு வரலாம், அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போகலாம். தானாக முன்வந்து சிகிச்சை கேட்பவர்களை ஏ.ஏ.டி.கே. எனும் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனமும் ஏற்றுக்கொள்கிறது. மனம் விட்டுப் பேச மட்டும் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண் இருக்கிறது. வரும்போது அடையாளக் கார்டு, ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரை, வேப் பிடிக்கிறவனானால் அந்தக் குப்பி, எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். மருந்து தொடங்கிய பிறகு, "பையன் நன்றாகத்தானே இருக்கிறான்" என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் அவன் நன்றாக இருக்கிறான்.